6 வாரத்துல பாக்கறேன்னாங்க, 17 மாசம் ஓடிடுச்சு: மாமிக்கு வந்த பாட்டில் பாலும் அத எழுதிக்குடுத்த சிஸ்டமும், ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இதுல நான் எந்த பிராண்டையும் திட்டப் போறதில்ல. எங்க வீட்டுக்கு வந்த பாட்டில் பால் (மெலிஞ்சு போனவங்களுக்கு டாக்டர் எழுதிக்குடுக்கற சத்து பானம்) எந்த கம்பெனின்னும் சொல்லப் போறதில்ல, ஏன்னா நடுவுல ரெண்டு தடவ கம்பெனி மாறிச்சு, மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஒண்ணும் வித்தியாசமே தெரியல. நான் ரிவ்யூ பண்றது அந்த பானத்த கொஞ்சம், அத மாசாமாசம் எழுதிக்குடுத்துட்டே இருந்த ஜி.பி (இங்க குடும்ப டாக்டர்) சர்வீஸ நெறைய. லண்டன்ல வயசான அம்மா அப்பா மாமியார் மாமனார் வெச்சிருக்கற நம்ம ஆளுங்க யாருக்காவது உதவும்னுதான் டைப் பண்றேன், நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

மாமி யாழ்ப்பாணம், நான் திருச்சி, வீடு ஹாரோ. மாமி 96ல இங்க வந்தவங்க, இப்ப வயசு 81. 2023 அக்டோபர்ல பாத்ரூம்லேந்து வர்றப்ப விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு. விழறதுக்கு முன்னாடி 47 கிலோ இருந்தவங்க ஆஸ்பத்திரிலேந்து வெளிய வர்றப்ப 41 அரை கிலோ. வளையல் கையில நிக்கல, முழங்கை வரைக்கும் ஏறி இறங்குது. அங்க வார்டுல சத்துக்கொறைவு ஆபத்து எவ்வளவுன்னு பாக்க 'மஸ்ட்'னு ஒரு ஸ்கோர் போடுவாங்க, நம்ம ஊர்ல இத நான் கேள்விப்பட்டதே இல்ல, 2003லேந்து இங்க இருக்காம். பி.எம்.ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்கற கணக்கு) 18.5க்கு கீழ போனா 2 மார்க், கடைசி 3 - 6 மாசத்துல நாமா முயற்சி பண்ணாம 10 சதவீதத்துக்கு மேல எடை கொறஞ்சிருந்தா இன்னொரு 2 மார்க், மொத்தம் 2 வந்தாலே ஹை ரிஸ்க். மாமியோட பி.எம்.ஐ 18க்கு ஒரு முடி கம்மி, எடை கொறஞ்சது கிட்டத்தட்ட 12 சதவீதம், ஆக 4 மார்க். பரீட்சைல மார்க் கூடினா சந்தோஷம், இதுல கூடினா கவலை.

அதனால அந்த பாட்டில எழுதினது தப்பே இல்ல, இத நான் அழுத்தி சொல்றேன், ஏன்னா அப்புறம் நான் பொலம்பறத பாத்துட்டு யாராவது உங்க வீட்டு பாட்டிலையும் தூக்கி போட்டுடாதீங்க. இங்க டாக்டர் இஷ்டத்துக்கும் இத எழுத முடியாது. ஏ.சி.பி.எஸ்னு ஒரு கமிட்டி லிஸ்ட் வெச்சிருக்கு, வியாதியால வந்த சத்துக்கொறைவு, முழுங்கறதுல கஷ்டம், வயித்த முழுசா எடுத்த ஆபரேஷன், குடல் அழற்சி வியாதி, குடல்ல சத்து உறிஞ்சாத பிரச்சனை, இப்படி சில காரணம் இருந்தாத்தான் என்.எச்.எஸ் (இங்க அரசாங்க மருத்துவ சேவை) செலவுல எழுதணும்னு இருக்கு. மாமிக்கு காரணம் இருந்துச்சு. டிஸ்சார்ஜ் லெட்டர்ல ரெண்டாவது பக்கத்துல கீழ, 'தினம் 2 பாட்டில், ஜி.பி 6 வாரத்துல ரிவ்யூ செய்யவும்'னு ஒரு வரி. அந்த ஒரு வரிய ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப பானத்துக்கு வரேன். பெரும்பாலும் வர்றது 200 மில்லி பால் டைப் பாட்டில், ஒரு பாட்டில்ல 300 கலோரி, புரதம் 12 கிராம் பக்கம், கூட விட்டமின் மினரல் எல்லாம். ஃபோர்ட்டிசிப், என்ஷூர் பிளஸ் எல்லாம் இந்த கணக்குலதான் இருக்கும். சின்னதா 125 மில்லில அதே 300 கலோரிய அடைச்சு காம்பாக்ட்னு ஒண்ணு வருது, நெறைய குடிக்க முடியாதவங்களுக்கு அது வரம், ஆனா கெட்டியா இருக்கும். ஜூஸ் டைப்னு ஒண்ணு, அதுல கொழுப்பு கிடையாது, பால் வாசனை பிடிக்காதவங்களுக்கு, சுகர் இருக்கறவங்களுக்கு அது பொதுவா ஒத்துக்காது. அப்புறம் பவுடர் சாஷே, வீட்டுல இருக்கற கொழுப்பெடுக்காத பால் 200 மில்லில கலக்கிக்கணும், கலோரி பாட்டில விட அதிகமாவே வரும், என்.எச்.எஸ்ஸுக்கு செலவும் கம்மி, அதனால பல ஏரியால இப்பல்லாம் மொதல்ல பவுடர்தான் குடுக்கறாங்க. கலக்க கையில தெம்பு இருந்தா, இல்ல கலக்கிக்குடுக்க ஆள் இருந்தா பவுடர் நல்லதுன்னு நான் சொல்லுவேன், புதுசா கலக்கினதுக்கு ருசியே வேற.

ருசி எப்படின்னு கேட்டா, மாமி முதல் நாள் வெனிலாவ ஒரு மொடக்கு குடிச்சுட்டு, "என்ன பிள்ளை இது, இனிப்பெண்டாலும் ஒரு அளவு வேண்டாமோ, நான் என்ன குழந்தைப்பிள்ளையே போத்தல் பால் குடிக்க"ன்னாங்க. நானும் குடிச்சு பாத்தேன். உருகின ஐஸ்கிரீம்ல யாரோ விட்டமின் மாத்திரைய கரைச்ச மாதிரி, கடைசில நாக்குல ஒரு இரும்பு வாசனை நிக்கும். சாக்லேட் பரவால்ல. பனானா எங்க வீட்டுல யாருக்கும் ஆகல. நியூட்ரல்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் நம்ம ஆளுங்களுக்கு, ஏன்னா அத ஜவ்வரிசி பாயசத்துல கடைசில ஊத்திடலாம், காபில விடலாம், ஆனா கொதிக்க விடக்கூடாது, திரிஞ்சும் போகும் விட்டமினும் போகும், லேசா சூடு பண்ணா போதும். இது எங்களுக்கு யாரும் முதல் ஒரு வருஷம் சொல்லல. ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஜில்லுன்னு குடிச்சா அந்த மருந்து வாசனை பாதி போயிடும், மாமிக்கு ஜில்லுன்னா பல்லு கூசும், அது தனி கதை. ஒரே மூச்சுல குடிச்சா வயித்தால போகும், 20 நிமிஷம் அரை மணி நேரம்னு உறிஞ்சி உறிஞ்சி குடிக்கணும். தொறந்தது ஃப்ரிட்ஜ்ல 24 மணி நேரம் தாங்கும், வெளிய வெச்சா 4 மணி நேரம்தான். சாப்பாட்டுக்கு நடுவுல குடிக்கணும், சாப்பாட்டுக்கு பதிலா இல்ல. இந்த கடைசி விஷயம்தான் எல்லாத்துக்கும் மேல முக்கியம், இதுதான் எங்க வீட்டுல மொதல்ல ஓட்டையானதும்.

முதல் மூணு மாசம் உண்மையிலயே நல்லா வேலை செஞ்சுது. தையல் போட்ட எடம் ஆறுச்சு, வாக்கர் புடிச்சு கிச்சன் வரைக்கும் வந்தாங்க, பிசியோ வந்த பொண்ணு நல்ல முன்னேற்றம்னு சொன்னா, கன்னம் கொஞ்சம் ஊறிச்சு. சாப்பாடே எறங்காத அந்த நாள்ல 600 கலோரியும் 24 கிராம் புரதமும் ரெண்டு பாட்டில்ல உள்ள போறதுன்னா சும்மா இல்ல. பானத்துக்கு நான் அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ருசிக்காக ஒண்ணு கழிச்சிருக்கேன்.

இனிமேதான் சர்வீஸ் ரிவ்யூ.

ஆறு வாரம் ஆச்சு, யாரும் கூப்பிடல. நாங்களும் கேக்கல, அது எங்க தப்பு. ஜி.பி சர்ஜரில (இங்க டாக்டர் கிளினிக்க சர்ஜரின்னுதான் சொல்வாங்க) அத ரிப்பீட்ல போட்டுட்டாங்க. ரிப்பீட்னா தெரியும்ல, பிரஷர் மாத்திரை மாதிரி, ஆப்ல ஒரு டிக் போட்டா 28 நாளைக்கு வந்துடும். அப்புறம் அதையும் எலக்ட்ரானிக் ரிப்பீட் டிஸ்பென்ஸிங்னு மாத்திட்டாங்க, அதாவது பல மாசத்துக்கான சீட்ட ஒரேயடியா பார்மசிக்கு அனுப்பிடுவாங்க, நாம டிக் கூட போட வேணாம், பார்மசியே மாசாமாசம் எடுத்து வீட்டுக்கு கொண்டு வந்து போட்டுடும். பிரஷர் மாத்திரைக்கு இது அருமையான ஏற்பாடு. பாலுக்கு இது எதுக்குன்னு எனக்கு இப்ப வரைக்கும் புரியல, பிரஷர் மாத்திரை வாழ்நாள் முழுக்க, இது எடை ஏறற வரைக்கும், ரெண்டும் ஒரே லிஸ்ட்ல பக்கத்து பக்கத்துல ஒக்காந்திருக்கு.

28 நாளைக்கு 56 பாட்டில். 11 லிட்டருக்கு மேல. பார்மசி பையன் பாவம் மூச்சு வாங்கி தூக்கிட்டு வந்து ஹால்ல வெப்பான். இங்க இங்கிலாந்துல 60 வயசு தாண்டினா மருந்துக்கு காசு கிடையாது (காசு குடுக்கறவங்களுக்கு 2025ல ஒரு ஐட்டத்துக்கு 9.90 பவுண்ட்), அதனால நம்ம பாக்கெட்ட கடிக்கல, கடிக்காததால யோசிக்கவும் இல்ல. 17 மாசத்துக்கு கணக்கு போட்டு பாத்தேன், ஆயிரம் பாட்டிலுக்கு மேல. ஆயிரம்! மாமி குடிச்சது அதுல முக்கால்வாசி இருக்கலாம், மிச்சம் சோபாவுக்கு பின்னாடி, மாடிப்படிக்கு கீழ, கட்டிலுக்கு அடில. என் பையன் ஜிம்முக்கு போற வயசு, 'அப்பம்மா ஒண்ணு எடுத்துக்கவா'ன்னு கேட்டுட்டு கேட்டுட்டு சாக்லேட் எல்லாத்தையும் முடிச்சிட்டான், அவனுக்கு எந்த வியாதியும் இல்ல, 78 கிலோ இருக்கான். கோயில்ல பழக்கமான ஒரு அம்மாவுக்கு ஒரு பெட்டி தானமா போனதும் அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒருத்தருக்கு எழுதிக்குடுத்தத வேற ஆளுக்கு குடுக்கக்கூடாது, நமக்கு தெரியும், மாமிக்கு அது பால், அவ்வளவுதான். வேண்டாம்னு பார்மசிக்கு திருப்பி குடுத்தாலும் ஒருதடவ வீட்டுக்கு வந்தத அவங்க மறுபடி யாருக்கும் குடுக்க முடியாது, அழிக்கத்தான் செய்வாங்க, அத கேட்டதும் மாமிக்கு இன்னும் மனசு வரல, 'பாலை ஊத்துறதோ'ன்னு.

இந்த 17 மாசத்துல மாமிய யாரும் ஒருதடவ கூட எடை பாக்கலங்க. இதான் என் மொத்த கம்ப்ளைண்ட், மத்ததெல்லாம் இதுலேந்து வந்ததுதான். மருந்து ரிவ்யூன்னு வருஷத்துக்கு ஒருதடவ போன் வந்துச்சு. எல்லா மருந்தும் எடுக்கறாங்களா, ஆமா, ஏதாவது சைட் எஃபெக்ட், இல்ல, சரி, முடிஞ்சுது. நாலு நிமிஷம். அந்த போன்ல பால பத்தி ஒரு வார்த்தை இல்ல. எடை ஏறணும்னுதானே குடுக்கறாங்க, ஏறிச்சா இல்லையான்னு பாக்காம எப்படி நிறுத்துவாங்க, எப்படி தொடருவாங்க? சமையல்ல உப்பு பாக்காம எறக்கற மாதிரி கூட இல்ல, அடுப்புல என்ன இருக்குன்னே பாக்காம மாசாமாசம் வெறக அனுப்பற மாதிரி.

இதுக்கு நடுவுலதான் சர்க்கரை கதை. மாமிக்கு டைப் 2 பத்து வருஷமா இருக்கு, கட்டுப்பாட்டுல இருந்துச்சு, எச்.பி.ஏ.1.சி, அதாவது ரெண்டு மூணு மாச சராசரி சர்க்கரை அளவு, 54 (இந்தியா கணக்குல 7.1 பக்கம்). 2024 கடைசில எடுத்தப்ப 69, அதாவது 8.5. டயபெட்டிக் நர்ஸ் நல்ல மனுஷி, 'சாக்லேட் சாப்பிடறாங்களா, ஸ்வீட் சாப்பிடறாங்களா'ன்னு எல்லாம் விசாரிச்சாங்க, நானும் யோசிச்சு யோசிச்சு இல்லைன்னேன், சோறு கொறச்சிருக்கோம்னேன், மெட்ஃபார்மின் அளவ ரெட்டிப்பாக்கிட்டாங்க. அந்த பால் பாட்டில் ஒண்ணுல 35லேந்து 40 கிராம் மாவுச்சத்து, பாதிக்கு மேல மால்டோடெக்ஸ்ட்ரின் மாதிரி சட்டுனு சக்கரையா மாறறது. தினம் ரெண்டு. அது எனக்கு தோணவே இல்ல, ஏன்னா அது மருந்து லிஸ்ட்ல இருக்கு, மருந்து எப்படி சர்க்கரைய ஏத்தும்னு மூளை போகாது. அதே கட்டடத்துல ஒரு ரூம்ல சர்க்கரை தண்ணி எழுதறாங்க, அடுத்த ரூம்ல சர்க்கரை மாத்திரைய ஏத்தறாங்க. இன்னும் கொடுமை, மெட்ஃபார்மின் ஏத்தினா பசி கொறையும், பலருக்கு வயிறு பெரட்டும், மாமிக்கும் அப்படியே ஆச்சு, சோறு கொறஞ்சுது, சோறு கொறஞ்சதும் நாங்க என்ன பண்ணோம், 'அம்மா அந்த பால குடிங்கோ'ன்னு இவர் ஊத்தி குடுத்தார். செக்குமாடு சுத்தற மாதிரி சுத்தியிருக்கோம்.

சுகர் இருக்கறவங்க இத குடிக்கவே கூடாதுன்னு இல்ல, அதையும் சொல்லிடறேன். எடை மோசமா கொறஞ்சிருக்கறப்ப எடைதான் முதல், சர்க்கரைய அதுக்கேத்த மாதிரி பாத்துக்கணும். ஆனா ரெண்டையும் ஒரே ஆள் சேத்து பாக்கணும்ல.

மாமியோட சாப்பாடும் மெதுவா மாறிடுச்சு. காலைல ஒரு பாட்டில், அதோட வயிறு நெறஞ்சிடும், இடியப்பம் வேணாம். மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் வேலைல, பையன் காலேஜ்ல, தனியா ஒக்காந்து சாப்பிட யாருக்கு மனசு வரும், இன்னொரு பாட்டில், அதோட ராத்திரி வரைக்கும். நாங்க நெனச்சோம் பால் குடிக்கறாங்க, சத்து போகுது, கவலை இல்ல. உண்மைய சொன்னா எங்களுக்கும் அது வசதியா இருந்துச்சு, ஊட்டி விடற பொறுப்ப ஒரு பாட்டில்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா ஆபீஸ் போனோம். நிறுத்தலாமான்னு ஒருதடவ நான் பேச்செடுத்தப்ப இவர் முகம் மாறிடுச்சு, அம்மாவுக்கு வர்றத நிறுத்தறதுன்னா மருமக சொல்ற வார்த்தையா அதுன்னு எனக்கே ஒரு உறுத்தல், விட்டுட்டேன். மாமிகிட்ட கேட்டா, "கிடக்கட்டும் பிள்ளை, அது டொக்டர் தந்தது, இப்ப வேண்டாமெண்டா பிறகு தேவைக்கு கேட்டாலும் தரமாட்டினம்." போர்ல இடம்பெயர்ந்து கியூவுல நின்னு வாங்கி சாப்பிட்ட மனுஷி, குடுக்கறத வேணாம்னு சொல்ல வராது அவங்களுக்கு. அத நான் தப்பா பேச மாட்டேன்.

திருச்சில எங்க அம்மா கதை நேர் எதிர். அங்க எழுதிக்குடுக்க யாரும் வேணாம், மெடிக்கல்ல போய் டப்பா வாங்கிக்கலாம், என்ஷூர், புரோட்டினெக்ஸ் எது வேணாலும், டிவில சொன்னான், பக்கத்து வீட்டுக்காரங்க குடிக்கறாங்க, அவ்வளவுதான். அங்க டாக்டர் எழுதாமலே ஓடுது, இங்க எழுதிட்டு மறந்துட்டு ஓடுது. காசு மட்டும்தான் வேற வேற பாக்கெட்.

2025 ஏப்ரல்ல ஒரு போன். எங்க ஏரியா சர்ஜரிங்க நாலஞ்சு சேந்து ஒரு டயட்டிஷியன வேலைக்கு வெச்சிருக்காங்களாம், ரொம்ப நாளா பாட்டில் பால் வாங்கற எல்லாரையும் ஒவ்வொருத்தரா கூப்பிடறாங்களாம். எனக்கு முதல்ல கோவம்தான், காசு மிச்சம் புடிக்க கெழவிங்க பாலுல கை வைக்கறானுங்கன்னு. போனப்ப அந்த பொண்ணு (வெள்ளைக்காரப் பொண்ணு, முப்பது கூட இருக்காது) முதல் கேள்வியே, "இத எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னு ஞாபகம் இருக்கா?" இவர் என்ன பாக்கறார், நான் இவர பாக்கறேன். எடை எடுத்தா. 47.8 கிலோ. விழறதுக்கு முன்னாடி இருந்தத விட முக்கால் கிலோ கூட! பி.எம்.ஐ 20.7, மஸ்ட் ஸ்கோர் சைபர். எப்ப ஏறிச்சு? யாருக்கும் தெரியாது. ஆறாவது மாசமா இருக்கலாம், எட்டாவதா இருக்கலாம், யாரும் தராசுல ஏத்தலையே.

அப்புறம் அவ கேட்ட கேள்விதான் எனக்கு சுருக்குன்னு குத்துச்சு: "சாப்பாடு ஏன் சாப்பிட மாட்டேங்கறாங்க?" ஒன்றரை வருஷத்துல யாரும் கேக்காத கேள்வி, நான் உட்பட. மாமி கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு பல்செட்ட கழட்டி கையில வெச்சு காட்டினாங்க. எடை கொறஞ்சப்ப ஈறும் சுருங்கி செட்டு லூசாயிடுச்சு, மெல்லும்போது ஆடுது, அடில புண்ணு. 'சொன்னா உங்களுக்கு கரைச்சல்'னு சொல்லவே இல்ல. ஒரே வீட்டுல இருக்கோம், தினம் அவங்களுக்கு சமைக்கறேன், எனக்கு தெரியல. பல்லு ஆடறதுக்கு மருந்தா பால் குடிச்சிட்டு இருந்திருக்காங்க.

டயட்டிஷியன் கையில ஒரு பேப்பர் வெச்சிருந்தா, உருளைக்கிழங்கு மசியல்ல கிரீம் போடு, கஸ்டர்ட் குடு, டோஸ்ட்ல வெண்ணெய் நெறைய தடவுன்னு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, மாமி கஸ்டர்ட வாழ்க்கைல தொட்டதில்ல. ஆனா அவ அத மூடி வெச்சுட்டு, நீங்க என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டு கேட்டு எழுதிக்கிட்டா, அதுக்குத்தான் இவளுக்கு முழு மார்க். புட்டுல நெய், சொதில தேங்காப்பால் கெட்டியா, பருப்புல நெய், தினம் ஒரு முட்டை, உளுந்துக்களில நல்லெண்ணெயும் வெல்லமும் (வெல்லம் அளவா), டீல தண்ணிக்கு பதிலா பால். இதெல்லாம் பிள்ளை பெத்தவங்களுக்கு நம்ம வீட்டுல குடுக்கறதுதான, புதுசா ஒண்ணும் இல்ல. கொழுப்பு ஏறாதான்னு கேட்டேன், 81 வயசுல மெலிஞ்சு போறதுதான் ஆபத்து, நெய்ய பத்தி அப்புறம் கவலைப்படலாம்னா. இங்க நாமெல்லாம் பச்சை மூடி, செவப்பு மூடின்னு கொழுப்பெடுத்த பாலத்தான் வாங்குவோம், கொழுப்பெடுக்காத நீல மூடிக்கு மாத்த சொன்னா.

அவ சொல்லிக்குடுத்ததுல எனக்கு ரொம்ப பிடிச்சது கெட்டிப்பால். நீல மூடி பால் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி, அதுல கொழுப்பில்லாத பால்பவுடர் 4 டேபிள்ஸ்பூன் நல்லா குமிச்சு கலக்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சிடணும், அன்னிக்கு முழுக்க டீ காபி கஞ்சி எல்லாத்துக்கும் அதுதான். வீட்டுக்கு வந்து பாக்கெட்ட பாத்து கணக்கு போட்டேன், கிட்டத்தட்ட 580 - 600 கலோரி, புரதம் 40 கிராம் பக்கம். ரெண்டு பாட்டிலோட கலோரி, புரதம் அத விட கூட! டெஸ்கோல ரெண்டு பொருள். விட்டமின் மினரல் பாட்டில்ல இருக்கற அளவு இதுல வராது, அத ஒத்துக்கணும், அதுக்கு மத்த சாப்பாடு ஒழுங்கா போகணும். ஆனா இந்த பால்ல போட்ட டீய மாமி ரசிச்சு குடிக்கறாங்க, அந்த பாட்டில யாரும் ரசிச்சு குடிச்சு நான் பாத்ததில்ல, என் பையன தவிர.

ஒரேயடியா நிறுத்தல. ரெண்டு பாட்டில ஒண்ணாக்கி ரெண்டு வாரம், அதுவும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும், அப்புறம் நிறுத்தம். மாசம் ஒருதடவ வீட்டுலயே எடை பாத்து எழுதி வைக்கணும், 45க்கு கீழ போனா உடனே கூப்பிடணும், மறுபடி ஆரம்பிக்க ஒரு தயக்கமும் இல்லைன்னு மாமி கண்ண பாத்து சொன்னா, நான் மொழிபெயர்த்தேன், மாமி ரெண்டு தடவ திருப்பி கேட்டுக்கிட்டாங்க. பல்லு டாக்டர்கிட்ட போய் செட்டு மாத்த ஆறு வாரம் ஆச்சு. மத்தியானத்துக்கு வாரத்துல மூணு நாள் பக்கத்துல இருக்கற தமிழ் முதியோர் சங்கத்துக்கு போறாங்க, அங்க சோறும் உண்டு ஊர் வம்பும் உண்டு, ரெண்டாவதுதான் பசிய தூண்டுதுன்னு நெனைக்கறேன். மூணு மாசம் கழிச்சு எடை 47.1. எச்.பி.ஏ.1.சி 57, மெட்ஃபார்மின் பழைய அளவுக்கு வந்தாச்சு.

நிறுத்தறதுதான் எப்பவும் நல்லதுன்னு படிச்சிடாதீங்க. தொண்டைல கட்டி இருந்து ரேடியேஷன் எடுக்கறவங்க, வயித்த எடுத்தவங்க, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் முழுங்க முடியாதவங்க, நுரையீரல் வியாதில மூச்சுக்கே சக்தி எல்லாம் போறவங்க, இவங்களுக்கு இது வருஷக்கணக்குல தேவைப்படலாம், அத காசு கணக்கு பாத்து லெட்டர் போட்டு நிறுத்தினா அது பாவம். இந்த நாட்டுல சத்துக்கொறைவால கஷ்டப்படறவங்க இல்ல அந்த ஆபத்துல இருக்கறவங்க 30 லட்சம் பேருக்கு மேல, அதுல 93 சதவீதம் பேர் ஆஸ்பத்திரில இல்ல, வீட்டுலதான் இருக்காங்கன்னு கணக்கு சொல்றாங்க. குடிக்க வேண்டிய எத்தனையோ பேருக்கு ஒரு பாட்டில் கூட எழுதாம இருக்கு, எங்க வீட்டு மாடிப்படிக்கு அடில 40 பாட்டில் தூசி படிஞ்சு கிடந்துச்சு. ரெண்டுக்கும் ஒரே காரணம்தான், தராசு எடுக்கல.

உங்க வீட்டுல இது வந்துட்டு இருந்தா சர்ஜரிக்கு போன் பண்ணி மூணே விஷயம் கேளுங்க போதும், எதுக்காக எழுதினீங்க, எந்த எடை வந்தா நிறுத்துவீங்க, அடுத்து எப்ப எடை பாப்பீங்க. ரிசப்ஷன்ல இருக்கறவங்களுக்கு பதில் தெரியாது, எங்களுக்கும் தெரியல, கிளினிக்கல் பார்மசிஸ்ட் இல்ல டயட்டிஷியன் இருக்காங்களான்னு கேட்டு அவங்ககிட்ட குடுக்க சொல்லுங்க. பாத்ரூம் தராசு 15 பவுண்டுக்கு கிடைக்குது, வாங்கிடுங்க. பல்ல பாருங்க. நான் பாக்கல, அதான் சொல்றேன்.

மார்க் போடணும்னா: பானம் 4. ஆஸ்பத்திரில ஆரம்பிச்சவங்களுக்கு 5, சரியான நேரத்துல சரியான ஆளுக்கு குடுத்தாங்க. ஜி.பி ரிப்பீட் சிஸ்டத்துக்கு 1, அந்த ஒண்ணும் போன்ல மரியாதையா பேசினதுக்கு. டயட்டிஷியன் பொண்ணுக்கு 5, முடிஞ்சா 6. எனக்கு நானே 2.

ரிப்பீட் லிஸ்ட்லேந்து எடுத்தாச்சுன்னு சர்ஜரில சொல்லி நாலு மாசம் ஆகுது. லிஸ்ட்லேந்து எடுத்தாங்களே ஒழிய, பார்மசிக்கு முன்னாடியே அனுப்பி வெச்ச சீட்டுங்கள யாரும் கேன்சல் பண்ணல போல. போன செவ்வாக்கிழமை நான் வேலைலேந்து வந்து பாத்தா ஹால்ல புதுசா ரெண்டு பெட்டி, ஸ்ட்ராபெரி. வேணாம்னு சொல்லியிருக்கலாமே மாமின்னேன். "அந்த பொடியன் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தவன், எப்பிடிப் பிள்ளை திருப்பி அனுப்புறது"ன்னுட்டு அவனுக்கு டீ வேற போட்டு குடுத்து அனுப்பியிருக்காங்க, கெட்டிப்பால்ல.